ஏழாம் தொட்டியில் சமத்துவம்

மனிதகுலம் பல நூற்றாண்டுகளாகத் தேடி அலைந்த சமத்துவம் கடைசியில் பொத்னியா வளைகுடாக் கரையில், எங்கள் துத்தநாக ஆலையின் ஏழாம் தொட்டிக்குள் அகப்பட்டது. அங்கே மேலே மிதக்கும் துகள், கீழே சுழலும் துகள் என்ற பேதம் கிடையாது. நடுவில் இருப்பது உசத்தி, ஓரத்தில் ஒதுங்குவது மட்டம் என்ற வழக்கமும் இல்லை. ஆலையின் வாசற்கூடத்தில் பித்தளைத் தகட்டில் இதைச் சுருக்கமாகப் பொறித்து வைத்திருந்தார்கள்: 'ஒவ்வொரு துகளுக்கும் சம இடம்.' அடியில் டைரக்டர் ஹோல்கர் ஸ்டென்விக்கின் கையெழுத்து.

அந்தத் தகட்டை மாட்டிய அன்று ஏழாம் தொட்டியின் அடியில் முழங்கால் உயரத்துக்கு வண்டல் உட்கார்ந்திருந்தது.

தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூன்று மாடி உயரம். உள்ளே அமிலமும் வறுத்த தாதுத் தூளும். நடுவில் கூரையிலிருந்து ஒரு தண்டு இறங்கும். அதில் இறக்கைகள் சுழன்று தூளைத் தூக்கிக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் விழுந்துவிடும். மெதுவாகச் சுற்றினால் மாவாக இருப்பது மட்டும் மிதக்கும், குருணையாக இருப்பது போய் மூலையில் படுத்துக்கொள்ளும். இதில் ரகசியம் எதுவும் இல்லை. காபியில் சர்க்கரை போட்டு அரை மனதாகக் கலக்குகிறவர்களுக்கும் இது தெரியும்.

ஹோல்கருக்கும் தெரியும். அவர் இதைப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கியவர். கூடவே அவருக்கு இன்னொன்றும் தெரியும்: கலக்கியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்சாரம் பாதியாகிவிடும். எண்ணெய் விலை ஏறி, வீட்டு அறைகளில் எத்தனை டிகிரி சூடு வைக்கலாம் என்று அரசாங்கம் அறிவுரை சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. சிக்கனம் செய்கிற ஆலைக்கு ஹெல்சின்கியிலிருந்து ஒரு பதக்கம் வரும் என்றார்கள். ஹோல்கர் வேகத்தைக் குறைத்தார்.

குறைத்தபின் தொட்டியில் எல்லாம் சமமாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டுமே, சோதித்தார்கள். தொட்டியின் பக்கச்சுவரில், ஆள் நின்று பிடிக்கத் தோதான உயரத்தில், ஒரே ஒரு குழாய் இருந்தது. தினமும் அதைத் திறந்து குடுவையில் பிடித்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோவார்கள். சுவரில் பக்கவாட்டாகத் துளை போட்ட குழாய்க்குள் மாவு திரும்பி வரும். வேகமாகப் போகிற குருணை திரும்பாது, தன் வழியே போய்விடும். அடியில் படுத்திருப்பதோ எழுந்து வந்து குழாயைத் தட்டப்போவதில்லை. ஆக, ஒவ்வொரு நாளும் எண் ஒரே மாதிரி வந்தது. ஒரே மாதிரி வந்த எண்களைக் கோடாக வரைந்து பதக்கக் குழுவுக்கு அனுப்பினார்கள். அவ்வளவு நேரான கோட்டை அவர்கள் பார்த்ததில்லையாம்.

வாசற்கூடத்தில், பித்தளைத் தகட்டுக்குக் கீழே, விருந்தாளிகளுக்காக ஏழாம் தொட்டியின் குட்டி உருவம் ஒன்று கண்ணாடியில் செய்து வைத்திருந்தார் ஹோல்கர். தெளிந்த தண்ணீர், வெள்ளை மணல், சின்ன மோட்டார். அடியில் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்திருக்கும். குனிந்து பார்த்தால் தரையில் ஒரு மணிகூடத் தங்காமல் சுழல்வது தெரியும். பார்த்தவர்கள் எல்லாரும் "ஆகா" என்றார்கள். அந்த மோட்டாரை எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது என்று உத்தரவு. கிறிஸ்துமஸ் அன்று ஆலையே மூடிக் கிடக்கும்போதும் அது மட்டும் இருட்டில் ரீங்கரித்துக்கொண்டிருக்கும்.

இந்த நிலையில்தான் ஜூலை மாதம் வந்தது. ஜூலையில் எங்கள் நாட்டில் யாரும் வேலை செய்வதில்லை. எல்லாரும் ஏரிக்கரைக் குடிசைகளுக்குப் போய்க் கொசுக்கடியில் ஓய்வெடுப்போம். ஆலை நின்றது, கலக்கிகளும் நின்றன. ஏழாம் தொட்டியில் ஏற்கெனவே படுத்திருந்த வண்டலின் மேல் மிதந்துகொண்டிருந்ததும் வந்து படுத்தது. நாங்கள் ஆகஸ்டில் தோல் கறுத்துத் திரும்பி வந்தபோது அது சிமென்ட்டாகியிருந்தது. பதக்கக் குழு திங்கட்கிழமை வருவதாகத் தந்தி வந்திருந்தது.

ஆலையில் வியாழக்கிழமை என்றால் மதியம் பட்டாணி சூப், சாயங்காலம் சௌனா என்கிற ஆவிக் குளியல். சௌனாவில் டைரக்டரும் மெக்கானிக்கும் ஒரே பலகையில் அம்மணமாக உட்காருவார்கள். அங்கே யாரும் எதையும் யாரிடமும் சொல்லலாம். அங்கே சொன்னதை வெளியே எடுத்து வரக்கூடாது. எங்கும் எழுதி ஒட்டியிருக்காது. எழுதி ஒட்டியிருக்கிற விதிகளை நாங்கள் மீறியிருக்கிறோம், இதை மீறியதில்லை.

அந்த வியாழக்கிழமை நாங்கள் ஆறு பேர் உள்ளே இருந்தோம். மேல் பலகையில் ஹோல்கர். அவருக்குக் கீழே தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஊர்போ குயன்சூ. நீள முகம், பெரிய காதுகள், நாற்பதைத் தாண்டியவன். அவன் பக்கத்தில் மெக்கானிக் தாவ்னோ.

"ஹோல்கர், ஏழாம் தொட்டி செத்துக் கெடக்கு," என்றான் ஊர்போ. "அமிலத்த வடிச்சுட்டுப் பாத்தேன். கீழ் எறக்கை மொத்தமும் வண்டலுக்குள்ள. திங்கக்கெழம சுவிட்சப் போட்டீங்கன்னா, ஒண்ணு தண்டு முறியும், இல்ல மோட்டார் எரியும்."

"தெரியும்ப்பா," என்றார் ஹோல்கர். "வேகத்தக் கொறைச்சா அடியில உக்காரும். முதல் வருஷப் பாடம்."

"அப்பறம் எதுக்குக் கொறைச்சீங்க?"

"பதக்கம் கரண்ட்டு மிச்சம் பண்றவனுக்குத்தான் குடுக்கறான். வண்டல் வார்றவனுக்கா குடுக்கறான்?"

எல்லாரும் சிரித்தோம். ஊர்போவும் சிரித்தான். சௌனாவில் ஹோல்கர் நல்ல மனிதர்.

"வாரணும்னா முறையா பண்ணணும்," என்றான் தாவ்னோ. "சாரம் கட்டணும், மேலேருந்து வெட்டிட்டு வரணும். தொட்டியோரத் தடுப்புத் தகடு ரெண்டுக்கு நடுவுல ஆள் ஒசரத்துக்குச் செவுரு மாதிரி நிக்குது. அதுக்கு அனுமதிச் சீட்டு வேணும். சீட்டுல 'வண்டல் அகற்ற'ன்னு எழுதணும்."

"எழுதினா வண்டல் இருக்குன்னு ஆயிடுமே." ஹோல்கர் அகப்பையில் தண்ணீர் மொண்டு கல்லில் ஊற்றினார். ஆவி சீறி எழுந்தது. பிறகு மேலிருந்து குரல் மட்டும் வந்தது. "நாளைக்குக் காலைல நீங்க ரெண்டு பேரும் சத்தம் காட்டாம போய் எறக்கையச் சுத்தி மட்டும் கெளறி விட்ருங்க. சுத்துற அளவுக்கு இருந்தாப் போதும். பதக்கம் வந்த மறுநாளே வேகத்த ஏத்திடறேன். சத்தியமா."

"சத்தியத்த ட்ரவுசர் போட்டுட்டு வந்து பண்ணுங்க," என்றான் ஊர்போ.

மறுபடியும் சிரிப்பு. ஹோல்கர் உடம்பில் தட்டிக்கொள்ளும் பிர்ச் இலைக்கட்டால் அவன் முதுகில் செல்லமாக ஒன்று போட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஊர்போ ஆள்துளை வழியாக உள்ளே போனான். தாவ்னோ வெளியே நின்று மண்வெட்டியை நீட்டினான். ஊர்போ உள்ளிருந்து ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கிளறினானாம். தண்டுக்கு அந்தப் பக்கம் இருந்த வண்டல் சுவர் அடியில் அமிலம் வடிந்த ஈரத்தோடு நின்றிருந்தது. அது சத்தமே இல்லாமல் வழுக்கிக் கீழே வந்தது. மாவுப் பானை சாய்வது மாதிரி, என்றான் தாவ்னோ. பாட்டு நின்றதால்தான் அவன் எட்டிப் பார்த்தான்.

பணியில் இருந்த எல்லாரும் ஓடினோம். வாளியிலும் தள்ளுவண்டியிலும் வாரி வாரி முற்றத்தில் கொட்டினோம். ஊர்போவை எடுத்தபோது வாயில் தாதுத் தூள் நிரம்பியிருந்தது. மருத்துவர் வந்து 'மூச்சுத்திணறல்' என்று எழுதினார். எதனால் என்ற கேள்வியை ஆலைக்கு விட்டுவிட்டார்.

ஊர்போவின் மனைவி ராய்லி எங்கள் உணவகத்தில்தான் வேலை. பட்டாணி சூப் அவள் கைப்பக்குவம். பருத்த கைகள், குறைந்த பேச்சு. அடக்கத்துக்கு முந்தின நாள் அவனுடைய சாமான்களை ஒரு பையில் போட்டு ஹோல்கரே கொண்டுவந்து கொடுத்தார். கைக்கடிகாரம், ஃப்ளாஸ்க், தொப்பி, ஒரு ரப்பர் பூட்ஸ்.

ராய்லி பையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தாள்.

"இன்னொரு பூட்ஸ்?"

"அது... கெடைக்கல ராய்லி."

"தொட்டிக்குள்ளதான போனாரு? காட்டுக்குள்ள போகலையே?"

"தொட்டி முழுக்கப் பாத்தாச்சு. உள்ள ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருக்கு."

"என் புருஷன் என்ன ஒத்தக் காலனா?" என்றாள் ராய்லி.

ஊர்போ தன் பூட்ஸில் வெள்ளைப் பெயின்ட்டால் பேர் எழுதியிருந்தான். எங்கள் எல்லாருடையதும் ஒரே கடை, ஒரே கறுப்பு என்பதால் பேர் எழுதுவது வழக்கம். ஊர்போ மட்டும் வலது பூட்ஸில் 'குயன்' என்றும் இடதில் 'சூ' என்றும் எழுதி வைத்திருந்தான். திருடுகிறவன் ஒரு பூட்ஸை எடுத்தால் பாதிப் பேரோடு அலையட்டும் என்பான். இப்போது ராய்லியின் மேசைமேல் 'குயன்' நின்றது.

ஆலையின் நிலைப்பாடு தெளிவாக இருந்தது. ஏழாம் தொட்டியில் துகள்கள் எப்போதும் சமமாகப் பரவியிருக்கும். அதற்கு நேரான கோடு ஆதாரம். சமமாகப் பரவியிருப்பது குவிந்திருக்க முடியாது. குவியாதது சரிய முடியாது. எனவே ஊர்போ குயன்சூ, யாரும் சொல்லாமல், தேவையும் இல்லாமல், தானாகக் காலித் தொட்டிக்குள் இறங்கி, வழுக்கி விழுந்து, அங்கிருந்த ஏதோ கொஞ்சம் தூளை மூச்சில் இழுத்துக்கொண்டான். பதக்கக் குழு துக்கத்தை மதித்து வருகையை வசந்தகாலத்துக்குத் தள்ளி வைத்தது.

இதில் ஒரே ஒரு சங்கடம். நாங்கள் முற்றத்தில் கொட்டியது அங்கேயே இருந்தது. உணவகத்தின் ஜன்னலுக்கு நேர் எதிரே, பழுப்புச் சிவப்பில், ஒரு வீட்டுக் கொட்டகை அளவுக்குக் குவியல். அதை லாரியில் ஏற்றி வெளியே அனுப்ப வேண்டுமென்றால் எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும். அது எங்கிருந்தும் வரவில்லை. அதனால் அனுப்ப முடியவில்லை. காற்றில் தூள் பறக்கிறது என்று அதன்மேல் ஒரு தார்ப்பாயை இழுத்துவிட்டார்கள். தார்ப்பாய் போதாத இடத்தில், வீணாகிப்போன பதக்க வரவேற்புப் பதாகையை விரித்தார்கள், எழுத்து உள்பக்கம் இருக்கும்படி.

செப்டம்பரில் விசாரணை நடந்தது. தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரி ஆர்மாஸ் வெஸ்டெரினென், சுத்தமான நகங்களும் அமைதியான குரலும் உள்ளவர், எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அறையின் மூலையில் ராய்லி கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். ஊர்போவை இறங்கச் சொன்னது யார் என்று ஒரு வாய் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 'தன்னிச்சையாக' என்று எழுதுவார்கள். ஊரில் ஒவ்வொருவரும் அதை 'முட்டாள்தனமாக' என்றுதான் படிப்பார்கள்.

"அவர்கூடக் கடைசியா எங்க பேசினீங்க?" என்று வெஸ்டெரினென் தாவ்னோவைக் கேட்டார்.

"சௌனால."

"என்ன பேசினீங்க?"

தாவ்னோ தன் தொப்பியைப் பார்த்தான். "சௌனால பேசினதுங்க."

வெஸ்டெரினென் தலையாட்டினார். அவரும் இந்த நாட்டில் பிறந்தவர்தானே. "சரி. அடுத்தவர் வரலாம்."

அடுத்தவரும் அதையே சொன்னார். நாங்கள் ஐந்து பேரும் சொன்னோம். ஹோல்கர் மிகுந்த வருத்தத்தோடு சொன்னார். ராய்லி எங்கள் முகங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சூப் ஊற்றும்போதுகூட அவள் எங்களை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

கிளம்பும்போது வெஸ்டெரினென் நடைக்கூடத்தில் நின்று, "இன்னைக்கு வியாழக்கெழம இல்ல?" என்றார்.

"ஆமா," என்றார் ஹோல்கர். "அஞ்சு மணிக்கு. துண்டு நாங்களே தர்றோம்."

இதைத் தந்திரம் என்று நினைத்தவர்கள் எங்களில் உண்டு; மரியாதை என்று நினைத்தவர்களும் உண்டு. எப்படியோ, அன்று மாலை அதிகாரி மேல் பலகையில் ஹோல்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வண்டலைப் பற்றி அவர்தான் முதலில் கேட்டார். தாவ்னோ சொன்னான், ஆதியோடந்தமாக. வேகம் குறைத்தது, அனுமதிச் சீட்டு, ஊர்போவின் ட்ரவுசர் ஜோக், எல்லாம். ஹோல்கர் மறுக்கவில்லை. "நான்தான் சொன்னேன்," என்றார். "நான்தான் எறங்கச் சொன்னேன். அவன் மொகம் தூக்கத்துல வருது." அவர் அழுதார், வியர்வையோடு சேர்ந்து வழிந்ததால் எவ்வளவு அழுதார் என்று சொல்ல முடியாது. வெஸ்டெரினென் அவர் தோளில் கை வைத்தார். அதைவிட உண்மையான விசாரணையை நான் பார்த்ததில்லை.

அப்போது கதவு திறந்தது.

ராய்லி நின்றிருந்தாள். அதே கோட்டு, கையில் 'குயன்'. வெளியே உடை மாற்றும் அறையில் எவ்வளவு நேரமாக நின்றாளோ. ஆறு ஆண்கள் அகப்பையாலும் இலைக்கட்டாலும் வாளியாலும் மறைக்கவேண்டியதை மறைத்துக்கொண்டோம். யாரும் எழவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றாள். "நான் உள்ளதான நிக்கறேன். எனக்குச் சொல்லுங்க."

"ராய்லி," என்றார் ஹோல்கர், "கதவச் சாத்தும்மா, சூடு போகுது."

அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கம்பளிக் கோட்டோடு அந்த வெக்கையில் நின்றாள். நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. அவள் கண்கள் மேல் பலகையில் அதிகாரியைக் கண்டன. அவர் கூரையைப் பார்த்தார்.

"நீங்களும் கேட்டீங்களா?"

"கேட்டேன்மா."

"எழுதுவீங்களா?"

வெஸ்டெரினென் கையால் நெற்றி வியர்வையை வழித்தார். கீழ்ப் பலகையிலிருந்து தாவ்னோதான் பேசினான், அவளைப் பார்க்காமல். "பூட்ஸ் குவியல்ல இருக்கு, ராய்லி. வாரிக் கொட்டறப்ப அதுலதான் போயிருக்கும். வேற எங்கயும் போக வழியில்ல."

அவள் தலையாட்டிவிட்டு வெளியே போனாள். போகும்போது கதவைச் சாத்திவிட்டுத்தான் போனாள்.

அறிக்கை அக்டோபரில் வந்தது. 'தன்னிச்சையாக' என்றுதான் இருந்தது. சாட்சிகள் இல்லை என்றும் இருந்தது.

அதே வாரம் ராய்லி தோண்ட ஆரம்பித்தாள். மதியச் சாப்பாடு பரிமாறி முடித்து, ஏப்ரனுக்கு மேல் கோட்டை மாட்டி, தோட்டத்து மண்வெட்டியோடு முற்றத்துக்குப் போவாள். தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, கையால் உதிர்த்துப் பார்த்து, அந்தப் பக்கம் போடுவாள். நாங்கள் ஜன்னலுக்குள்ளிருந்து காபி குடித்தபடி பார்ப்போம். காவலாளி ஹோல்கரிடம் போய்க் கேட்டானாம், தடுக்கவா என்று. எதைத் தோண்டுகிறாள் என்று எழுதி அவளைத் தடுப்பது? இல்லாத குவியலை ஒரு பெண் தோண்டுவதற்கு ஆலை விதிகளில் தடை ஏதும் இல்லை.

தாவ்னோ ஒருநாள் எழுந்து போய் அவளிடம் கடப்பாரையை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். "நீ போ," என்றாள். "நீ இங்க நின்னா வெளிய பேசின மாதிரி ஆயிடும்." அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். ஆறிய காபியைக் குடித்தான்.

நவம்பரில் குவியல் உறைந்தது. கடப்பாரை பட்டால் பொறி பறந்தது. பனி அகற்றும் வண்டி குளிர்காலம் முழுக்க அதைச் சுற்றி வளைந்து போனது; ஓட்டுநருக்கு அங்கே ஒன்று இருப்பதாக யாரும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. ஏழாம் தொட்டியின் வேகத்தை ஹோல்கர் சத்தமில்லாமல் பழையபடி ஏற்றினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். பதக்கக் குழுவிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் கடைசியில், மே தினத்துக்கு முன்னால், பதக்கம் வந்தது. வாசற்கூடத்தில் காகிதச் சுருள்கள் தொங்கின. மேசைமேல் வட்டரொட்டி, எலுமிச்சைச் சிமா பானம். ஹெல்சின்கியிலிருந்து மூன்று கனவான்கள், உள்ளூர் நிருபர், கேமராக்காரர். பாதுகாப்புத் துறையின் சார்பில் ஆர்மாஸ் வெஸ்டெரினெனும் அழைக்கப்பட்டிருந்தார். நாங்கள் துவைத்த உடுப்பில் சுவரோரம் நின்றோம். கண்ணாடித் தொட்டி ரீங்கரித்துக்கொண்டிருந்தது. கனவான்கள் குனிந்து அடிக்கண்ணாடியைப் பார்த்து "ஆகா" என்றார்கள்.

ஹோல்கர் பேசினார். கலக்குதல் என்பது வெறும் தொழில்நுட்பம் இல்லை, ஒரு சமுதாயப் பார்வை என்றார். அடித்தட்டில் ஒருவரும் தேங்கிவிடாமல் தூக்கிவிடுவதே நம் காலத்தின் கடமை என்றார். அதையும் பாதிச் செலவில் செய்யலாம் என்று இந்த ஆலை காட்டியிருக்கிறது என்றார். பிறகு குரலைத் தணித்தார். சென்ற கோடையில் நம்மைவிட்டுப் பிரிந்த தோழர் ஊர்போ குயன்சூவின் நினைவாக ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம் என்றார்.

எல்லாரும் தலைகுனிந்தோம். மோட்டாரின் சத்தம் மட்டும்.

கதவு திறந்து ராய்லி வந்தாள். முழங்கால்வரை பழுப்புச் சேறு. இரண்டு கைகளாலும் ஒரு பூட்ஸை, பால் நிரம்பிய பாத்திரத்தைப் பிடிப்பதுபோல நேராகப் பிடித்திருந்தாள். பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்ட்: 'சூ'. விளிம்புவரை வண்டல்.

அவள் கூடத்தின் நடுவே நடந்தாள். தடுத்திருக்கலாம். ஆனால் மௌன அஞ்சலி. எங்கள் நாட்டில் மௌன அஞ்சலியின்போது இருமவும் மாட்டோம். ஹோல்கரின் வாய் திறந்து மூடியது. கேமராக்காரர்கூட அசையவில்லை. ராய்லி கண்ணாடித் தொட்டியின் அருகே நின்று, பூட்ஸைத் தூக்கி, அதற்குள் கவிழ்த்தாள்.

முதலில் தண்ணீர் பழுப்பானது. மாவு புகையாக எழுந்து சுழன்றது; பார்க்க அழகாகவே இருந்தது. குருணை எதுவும் சுழலவில்லை. கட்டி கட்டியாக நேராக அடிக்குப் போய், மூலைகளில் உட்கார்ந்து, அடிக்கண்ணாடியை மூடியது. ஒரு கட்டி இறக்கைக்கும் தரைக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. மோட்டார் கீச்சென்று கத்தியது, திணறியது, நின்றது. ஏழாம் தொட்டியில் இருந்தது என்ன என்று விளக்க அதற்குமேல் யாரும் பேச வேண்டியிருக்கவில்லை.

ராய்லி வெஸ்டெரினெனைப் பார்த்தாள். "இது சௌனா இல்ல," என்றாள்.

அந்த ஆள் முகம் சிவந்து நின்றார். பிறகு ஒருநாள் அவர் அறிக்கையைத் திருத்தினார். 'தன்னிச்சையாக' என்பதை அடித்துவிட்டு 'காரணம் அறியப்படவில்லை' என்று மாற்றினார். யார் இறங்கச் சொன்னது என்பது இன்றுவரை எந்தத் தாளிலும் இல்லை. பதக்கத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை; ஹோல்கரும் கொடுக்கவில்லை. ராய்லி இரண்டு பூட்ஸையும் கழுவி, ஜோடியாகக் கல்லறைக்குக் கொண்டுபோனாள். வேலையை விடவில்லை. எங்களுக்கு வியாழக்கிழமைகளில் இன்னும் அவள்தான் சூப் ஊற்றுகிறாள். அடியிலிருந்து அள்ளுவதில்லை, மேலாக எடுத்து ஊற்றுகிறாள். எங்கள் கிண்ணத்தில் பட்டாணி வருவதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

ஆனால் இதெல்லாம் பிறகு. அன்று அந்த மௌன நிமிடம் முடிந்துவிட்டிருந்தது, முடிந்தது என்று சொல்ல வேண்டியவர் ஹோல்கர், அவர் சொல்லவில்லை. அதனால் எல்லாரும் தலைகுனிந்தபடி நின்று, வேறு வழியில்லாமல், கண்ணாடித் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இத்தனை வருடத்தில் அது நின்று பார்ப்பது அதுவே முதல் தடவை. ஊர்போவின் பூட்ஸிலிருந்து விழுந்தது எல்லாம் அடங்கிக் கீழே படிந்தது. தண்ணீர் மெல்லத் தெளிந்தது. டைரக்டரின் வெள்ளை மணல் மட்டும், கலக்காமலே, இருந்த இடத்திலேயே மிதந்துகொண்டிருந்தது. அது பிளாஸ்டிக்.